முதல் தவணைக்கு முந்தின நாள்

அம்மா: ...அப்போ நாளைக்கேவா?

மகள்: நாளைக்கேதான். அஞ்சாந்தேதி.

அம்மா: சாவி கைக்கு வந்து இன்னும் ரெண்டு வாரம் ஆகலையேடி.

மகள்: ஆகலைன்னா? வீடு வந்தாச்சு, தவணையும் வந்தாச்சு. பேங்க்காரன் என்ன, நாம பெட்டியெல்லாம் பிரிச்சு அடுக்கி முடிக்கட்டும்னு காத்துட்டு இருப்பானா?

அம்மா: வாடகை மாதிரின்னு சொல்லு.

மகள்: வாடகை மாதிரிதான். மாசம் பொறந்தா எடுத்து வைக்கணும்.

அம்மா: ம்ம்... சரி. நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும். காலைத் தூக்கு, அங்க ஒரு கறை.

மகள்: நாலு நாளா அதே கறையைத் துடைக்கிற. அது கறை இல்லம்மா, டைல்ஸே அந்தக் கலர்தான்.

அம்மா: எனக்கே தரையைப் பத்திச் சொல்லித் தர்றியா? பதினோரு வருஷமா பேங்க்ல ரெண்டு மாடி துடைக்கிறேன். ஊரான் தரையை அவ்ளோ துடைச்சுட்டு சொந்தத் தரையை விட்டுடுவேனா?

மகள்: சொந்தத் தரைன்னு யாரு சொன்னா? இன்னும் இருபது வருஷத்துக்கு இதுவும் பேங்க் தரைதான். சம்பளம் இல்லாம துடைக்கிற, அவ்ளோதான் வித்தியாசம்.

அம்மா: உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடைச்சா அதுக்கும் சேத்து லோன் போட்டிருப்பேன்... மணி என்ன?

மகள்: அஞ்சே கால். ஏன், புள்ளை வரானான்னு பாக்கறியா?

அம்மா: சும்மா கேட்டேன்டி.

மகள்: ஆறு மணி வரைக்கும்தான் அவனுக்கு. தவணையில பாதி கொண்டுவந்து என் கையில வெச்சா முன் ரூம் அவனுக்கு. அண்ணி, குழந்தை, தொட்டில், மூணு மூட்டை, எல்லாம் வரட்டும். வைக்கலைன்னா சாவி, வாடகைக்குக் கேட்டாளே ஒரு நர்ஸு, அவளுக்கு. அவ அட்வான்ஸோட ரெடியா இருக்கா.

அம்மா: கைக்குழந்தை இருக்குதுடி அவனுக்கு. இப்பதான் தவழுது.

மகள்: குழந்தை தவழறதுக்கும் தவணைக்கும் என்னம்மா சம்பந்தம்?

அம்மா: வீட்டுக்காரர் இந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாராம்...

மகள்: ஏன் சொன்னார்? அதையும் சொல்லு. மூணு மாசமா அவர்கிட்டயும் அதே பாட்டுதான். அடுத்த மாசம் தர்றேன், அடுத்த மாசம் தர்றேன். எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டறேன்னு சொன்னானே, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம்னான். மூணு வருஷம் படிச்சு முடிச்சேன், பட்டம் வாங்கினேன், அந்தப் பட்டத்துக்கு ஃப்ரேம் கூடப் போட்டாச்சு. அவனோட அடுத்த மாசம் இன்னும் பொறக்கல. கடைசி செமஸ்டருக்கு உன் கம்மல்தானே போச்சு?

அம்மா: அது என்னிக்கோ போன கம்மல். காதே மறந்துடுச்சு.

மகள்: எனக்கு மறக்கல. முழுத் தவணையும் நான் ஒருத்தியே கட்டினா, ஒவ்வொரு மாசமும் கடைசி பத்து நாள் நாம ரெண்டு பேரும் இந்த டைல்ஸைப் பாத்துக்கிட்டே வயித்தை நிரப்பிக்கணும். பாதியை அவன் கட்டுவானா, மாட்டானா? எனக்கு நாளைக்குள்ள தெரிஞ்சாகணும்.

அம்மா: இந்த மாசம் ஒரு மாசம் பொறுத்துக்கச் சொன்னா பேங்க்ல கேக்க மாட்டாங்களா?

மகள்: எங்க கேப்பாங்க? நாப்பத்திரண்டு பக்கம் கையெழுத்து வாங்கியிருக்காங்க. நாப்பத்திரண்டையும் நான் ஒரு வரி விடாம படிச்சேன். லோன் சாரே மிரண்டுட்டார். இதுவரைக்கும் யாரும் பதினேழாம் பக்கத்துல சந்தேகம் கேட்டதில்லையாம்.

அம்மா: ஆமா, சொன்னாரு.

மகள்: யார்கிட்ட?

அம்மா: உன்கிட்டதான். நானும் பக்கத்துல உக்காந்திருந்தேனே.

மகள்: ஓ... ஆமா, அன்னிக்கு உனக்கும் நாற்காலி போட்டாரு. பதினோரு வருஷத்துல மொதத் தடவையா அந்த நாற்காலியில உக்காந்த. எப்படி இருந்துச்சு?

அம்மா: அடியில யாரோ சூயிங்கம் ஒட்டி வெச்சிருந்தான். கையில தட்டுப்பட்டுச்சு. மறுநாள் சுரண்டி எடுத்தேன்.

மகள்: சரிதான். வீட்டுக் கடன் வாங்கப் போன எடத்துல உனக்குக் கிடைச்சது சூயிங்கம். அவர் வட்டி, அசல், தேதின்னு அரை மணி நேரம் பேசினாரே, ஏதாவது காதுல விழுந்துச்சா?

அம்மா: எனக்கென்னடி புரியும்...

மகள்: அதுவும் சரிதான். புரிஞ்சா தூக்கம் போயிடும்.

அம்மா: ஏன்டி, முன் ரூம் ஜன்னலுக்கு வலை அடிச்சிருக்கியே. எப்ப அடிச்ச?

மகள்: முந்தாநாள். நீ வேலைக்குப் போனப்ப.

அம்மா: எதுக்கு?

மகள்: கொசுவுக்கு.

அம்மா: ஒவ்வொரு ஓட்டையிலயும் என் விரலே போகுது.

மகள்: இந்த ஏரியாவுல கொசு பெருசும்மா.

அம்மா: அதுவும் கீழ் பாதிக்கு மட்டும் அடிச்சிருக்க.

மகள்: ...தாழ்வாப் பறக்குற கொசு. துடைக்கிற வேலையைப் பாரேன். எல்லாத்தையும் குடைஞ்சுக்கிட்டு.

அம்மா: போன் அடிக்குது பாரு. யாரு... அ... அடு... அடுத்த... மாசம். அடுத்தமாசம்னு ஒருத்தர் கூப்பிடுறாருடி.

மகள்: நீ எப்ப இருந்து போனைப் படிக்க ஆரம்பிச்ச?

அம்மா: எழுத்துக் கூட்டினா வருது. பேங்க்ல செவுரு பூரா எழுதித்தான் ஒட்டியிருக்கான். யாரு இது, அடுத்தமாசம்?

மகள்: உன் புள்ளைதான். அப்படித்தான் சேவ் பண்ணி வெச்சிருக்கேன். ஹலோ... எங்க இருக்க?... கீழயா? ஏறி வா, மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஓடாது. அதுவும் உன்னை மாதிரி.

அம்மா: வந்துட்டானா?

மகள்: வந்துட்டான். கையில என்ன வரும்னு பாப்போம். ஒண்ணு கவர் வரும், இல்ல கதை வரும். கதைன்னா நானே சொல்லிடுவேன். கார் கத்துக்க வந்த பொம்பளை ப்ரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்பா, வண்டி ரிப்பேர், முதலாளி சம்பளத்துல பிடிச்சிருப்பார். ஊருக்கெல்லாம் ப்ரேக் போடக் கத்துக் குடுக்கிறவன் இவன். செலவுன்னு வந்தா மட்டும் ப்ரேக் எங்க இருக்குன்னு தெரியாது.

அம்மா: வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. தண்ணியாவது குடிக்கட்டும்.

அண்ணன்: அம்மா... தண்ணி குடு... இது மூணு மாடியா, முப்பதா...

மகள்: குடிக்கிறதுக்கு முன்னால சொல்லு. கவரா, கதையா?

அண்ணன்: உனக்கு அண்ணன்னு ஒரு மரியாதையே கிடையாதா?

மகள்: இருக்கு. அதுலயும் பாதி பாக்கி. எங்க?

அண்ணன்: இந்தா... புடி. கவர். எண்ணிக்க.

மகள்: முழுசாவா?

அண்ணன்: பாதித் தவணை. ஒரு நோட்டு குறையாது. மணி என்ன? அஞ்சரை. அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டேன். எழுதி வெச்சுக்க.

அம்மா: பாத்தியாடி? என் புள்ளையை என்னென்ன பேசின...

மகள்: இரும்மா... நான் எதிர்பாக்கல. நிஜமாவே எதிர்பாக்கல. எப்படிண்ணா சேத்த?

அண்ணன்: எப்படின்னா... காலையில ஆறு மணிக்கு ஒரு வகுப்பு கூட எடுத்தேன். ஞாயித்துக்கிழமையும் எடுத்தேன். உழைச்சா காசு வரும் பாப்பா, அதுல என்ன இருக்கு.

மகள்: மோந்து பாரு.

அண்ணன்: என்னது?

மகள்: நோட்டை மோந்து பாருன்னேன்.

அண்ணன்: காசை எவனாவது மோந்து பாப்பானா?

மகள்: நான் பாப்பேன். இன்சூரன்ஸ்ல எனக்கு வேலையே அதுதான். பொய் பில்லு எதுன்னு பேப்பரைத் தொட்டாலே சொல்லிடுவேன். உன் காசுன்னா பெட்ரோல் வாசனை வரணும், ஸ்டியரிங்கைப் புடிச்ச வேர்வை வாசனை வரணும். இதுல அந்துருண்டை வாசனை வருது.

அண்ணன்: அது... சட்டைப் பையில...

மகள்: நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு துணிப் பெட்டியில அந்துருண்டை போடற ஆளு ஒருத்தர்தான். அவங்க இப்ப அதோ அந்த மூலையில, ஏற்கெனவே துடைச்ச எடத்தையே திரும்பத் துடைச்சுட்டு இருக்காங்க.

அம்மா: இங்க நெசமாவே கறை இருக்குதுடி...

மகள்: அம்மா.

அம்மா: ...ம்.

மகள்: உன் காசுதானே?

அம்மா: என் காசு, உன் காசுன்னு என்னடி பிரிச்சுப் பேசிட்டு...

மகள்: அண்ணா, நீ சொல்லு.

அண்ணன்: நாலு பேர்கிட்ட கேட்டேன் பாப்பா, சத்தியமா. கிடைக்கல. நேத்து மத்தியானம் அம்மாவே போன் பண்ணி பேங்க்குக்கு வரச் சொல்லிச்சு. குடுத்துச்சு. நான் கேக்கல.

மகள்: ஞாயித்துக்கிழமை வகுப்பு?

அண்ணன்: அது... எடுக்கலாம்னு இருந்தேன். அடுத்த மாசத்துல இருந்து.

மகள்: சொன்னான் பாரு. சொல்லாம இருக்க முடியாது அவனால. இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா இவனுக்கு முட்டுக் குடுத்துட்டு நிப்ப? பத்தாவதுல ஃபெயிலானான், பேப்பர் திருத்தினவன் மேல பழி. வேலை போச்சு, முதலாளி மேல பழி. ஃபீஸ் கட்டறேன்னு ஏமாத்தினான், உன் கம்மலைக் கழட்டி அவன் மானத்தைக் காப்பாத்தின. காலேஜ் வாசல்ல நின்னு அந்தக் காசை வாங்கினப்ப என் கை எரிஞ்சுதும்மா. நான் இப்ப கேட்டது காசே இல்ல. ஒரே ஒரு தடவை, அவன் சொன்ன தேதிக்கு, அவன் காசோட வந்து நிக்கணும். அதைப் பாக்கத்தான் கேட்டேன். அதையும் நீயே கெடுத்துட்ட.

அண்ணன்: பாப்பா, நாளைக்குத் தவணை. அம்மா காசோ யார் காசோ, பேங்க்ல கட்டிடு மொதல்ல. அப்புறமா என்னைத் திட்டிக்க.

மகள்: நாளைக்குத் தவணையே இல்லடா.

அண்ணன்: என்னது?

மகள்: இல்ல. நாளைக்கு ஒரு தவணையும் இல்ல. நான் சொன்னது பொய். தலைமுறை தலைமுறையா வாடகை வீட்டுல இருந்த குடும்பம் இது. மாசம் பொறந்தா காசு எடுத்து வைக்கணும்னு சொன்னா கேள்வி கேக்காம நம்புவீங்கன்னு தெரியும். உன்னை ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம்னுதான். லைசென்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால எட்டு போட்டுக் காட்டச் சொல்றாங்கல்ல? அது மாதிரி. நீ அம்மாவை ஸ்டியரிங்ல உக்கார வெச்சு எட்டு போட்டுட்டு வந்திருக்க.

அண்ணன்: அடிப்பாவி... ரெண்டு நாளா நான் தூங்கல. உங்க அண்ணிகிட்ட சிடுசிடுன்னு விழுந்தேன். கடைசியில இல்லாத தவணைக்கா?

மகள்: அம்மா, நீ ஏன் சிரிக்கிற?

அம்மா: சிரிக்கலையே.

மகள்: சிரிக்கிற. மாப் கட்டை ஆடுது.

அம்மா: இல்லடி... லோன் கேட்டு வர்ற அத்தனை பேரும் உக்காந்ததும் கேக்கற மொதக் கேள்வி என்ன தெரியுமா? "சார், எப்ப இருந்து கட்டணும்?" பதினோரு வருஷமா அந்த மேஜைக்கடியிலதான் துடைக்கிறேன். ஒரே கேள்வி, ஒரே பதில். லோன் சாருக்குத் தொண்டை கட்டிக்கிட்டா நானே சொல்லி அனுப்பிடுவேன்.

மகள்: என்ன சொல்லுவ?

அம்மா: வாடகைங்கிறது குடியிருக்கறதுக்கு முன்னால குடுக்கறது. தவணைங்கிறது குடியிருந்ததுக்கு அப்புறம் குடுக்கறது. நமக்குப் பணம் குடுத்தது போன மாசம் இருபத்திரெண்டாந்தேதி. அந்த மாசத்து மிச்ச நாளுக்கு வட்டியை அன்னிக்கே உன்கிட்ட பிடிச்சுக்கிட்டாங்க. இந்த மாசம் முழுசா ஓடி முடியணும். அது முடிஞ்சு வர்ற அஞ்சாந்தேதிதான் மொதத் தவணை. பதினேழாம் பக்கத்துல நீ சந்தேகம் கேட்டது அதைத்தானே?

மகள்: ...வாடகை மாதிரியான்னு கேட்டியே அப்ப. அரை மணி நேரம் முன்னால.

அம்மா: நீ என்ன சொல்றன்னு பாக்கலாம்னு கேட்டேன். கண்ணு கூட சிமிட்டாம ஆமான்ன. நல்லாத்தான் படிச்சிருக்க.

அண்ணன்: தெரிஞ்சுக்கிட்டேவா நேத்து என்கிட்ட காசு குடுத்த?

அம்மா: இல்லாத தவணைதானேடா. அதுக்கு என் காசு போதும். எங்க போயிடப் போகுது? இவ கையில வந்தா சாயங்காலமே என் பெட்டிக்குத் திரும்பிடும்.

மகள்: சாமர்த்தியந்தான். ஆனா நிஜத் தவணை வரும்ல, அப்ப? அதுக்கும் உன் பெட்டியா? முடியாதும்மா. முன் ரூம் நர்ஸுக்குத்தான். ஆறு மணிக்கு வந்துடுவா.

அம்மா: எந்த ஆஸ்பத்திரி நர்ஸு?

மகள்: அதான் சொன்னேனே... கண் ஆஸ்பத்திரி.

அம்மா: போன வாரம் குழந்தைங்க ஆஸ்பத்திரின்ன.

மகள்: மாத்திக்கிட்டா.

அம்மா: ஜன்னலுக்குக் கீழ் பாதியில மட்டும் வலை அடிச்சிருக்கியே. நர்ஸம்மா தவழ்ந்து போய் விழுந்துடுவாங்கன்னா?

அண்ணன்: பாப்பா... அது எங்க குட்டிக்காகவா?

மகள்: கொசுவுக்குன்னு சொல்லிட்டேன். அப்படி மூஞ்சிய வெச்சுட்டுப் பாக்காத, எரிச்சலா வருது. நர்ஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போதுமா? ஆனா நீ கட்டுவேங்கிற நம்பிக்கையும் எனக்கு இல்ல. ரூம் குடுத்துட்டு மாசாமாசம் உன் பின்னால நான் ஓட முடியாது.

அம்மா: நீ ஏன்டி ஓடணும்? டேய், நேத்து காசு வாங்கறதுக்கு முன்னால ஒரு பாரத்துல கையெழுத்துப் போட்டியே.

அண்ணன்: ஆமா. தங்கச்சி லோனுக்கு வேணும்னு லோன் சார் நீட்டினாரு.

அம்மா: உனக்குப் படிச்சுக் காட்டினாரு. நல்லா சத்தமாவே படிச்சாரு. சம்மதமான்னு கேட்டாரு.

அண்ணன்: நான் போன்ல இருந்தேன். ஒரு ஆளு வண்டியை ரிவர்ஸ்ல கொண்டுபோய்ச் செவுத்துல விட்டுட்டான்னு...

அம்மா: "சம்மதம் சார், சம்மதம் சார்"னு ரெண்டு தடவை சொன்ன. போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு, அதையும் நீயேதான் வாசிச்ச. ஆறு நம்பர். நான் துடைச்சுட்டே கேட்டேன்.

மகள்: அம்மா... உன் புள்ளை சம்பளம் வர்றதும் அந்த பேங்க்குக்குத்தானே?

அம்மா: அங்கதான் வருது. வந்த உடனே, இவன் கண்ணுல படறதுக்கு முன்னால, பாதித் தவணை தானா நம்ம லோனுக்குப் போயிடும். ப்ரேக் எங்க இருக்குன்னு தெரியாதுன்னு சொன்னியே. நானே காலை வெச்சுட்டேன்.

அண்ணன்: அம்மா, பெத்த அம்மாவா நீ? நான் நாளைக்கே போய் அதை ரத்து பண்ணச் சொல்றேன்.

அம்மா: வா, தாராளமா வா. அந்த மேஜைக்கு முன்னால தரை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். பாத்து நட.

மகள்: அண்ணா, முன் ரூம் சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்க. அண்ணிகிட்ட நானே சொல்றேன்... நாப்பத்திரண்டு பக்கத்தை ஒரு வரி விடாம படிச்சவ நான். என்னை ஏமாத்த ஒரு மாப் கட்டை போதுமா இருந்திருக்கு.

அண்ணன்: சிரிக்காத. சரி... ரூம் குடுத்தீங்க, வலை அடிச்சீங்க, கழுத்துல கயிறும் போட்டீங்க. எப்ப இருந்து பிடிப்பாங்கன்னாவது சொல்லுங்க. அம்மா, எப்ப இருந்து?

அம்மா: எல்லார்கிட்டயும் நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, அப்பதான்டா. அடுத்த மாசம்.